கோயிலின் பெயர் சுமக்கும் சிலந்தி

இராமேசுவரத்துப் புளியமரப் பொந்துகளில் வாழும் ஒரு சிலந்திக்கு அறிவியல் வைத்திருக்கும் பெயர் போசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா. 2004இல் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற பிரிட்டன் சிலந்தி ஆய்வாளர் அதைப் புதிய இனமாக விவரித்துப் பெயரிட்டார். பெயரின் முற்பாதி கிரேக்கம். ‘போய்கிலோஸ்’ என்றால் பலவகைப் புள்ளியும் கோடும் உடையது. ‘தீரியோன்’ என்றால் காட்டு விலங்கு. பிற்பாதி இராமேசுவரத்திலேயே பிறந்தது. சிலந்தி கிடைத்த இடம் ஹனுமவிலாசம் கோயிலைச் சேர்ந்த தோப்பு. அந்தக் கோயிலின் பெயரோடு, ‘இவ்விடத்தது’ என்று பொருள்தரும் இலத்தீன் விகுதியைச் சேர்த்து ஸ்மித் பெயரை முடித்தார்.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் அனுமனின் பெயரைத்தான் சிலந்திக்கு வைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். சிலர் மகிழ்கிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள். பெயரை எழுத்தெண்ணிப் படித்தால் சிறிய திருவடியான அனுமன் அதில் நேராக வரவில்லை. சிலந்தியைக் கடவுளோடு சேர்க்காமல், கடவுளின் பெயரால் விளங்கும் ஒரு தோப்போடு சேர்க்கிறது அது. இந்தச் சின்ன வேறுபாட்டில் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு தலம் புனிதமானது என்றால் அந்தப் புனிதம் எதுவரை செல்லும்? கருவறையோடு நிற்குமா, மதில்வரை போகுமா, தோப்பில் நிற்கும் புளியமரத்தின் பொந்துக்குள்ளும் நுழையுமா?

அறிவியல் பெயர்கள் பக்தியைப் பார்த்து வைக்கப்படுவதில்லை. தமிழ்நாட்டில் அனுமனின் வாரிசாகக் கருதப்படும் கருமுக மந்தியையே எடுத்துக்கொள்ளலாம். அதன் பேரினப் பெயரான செம்னோபிதெகஸ் ‘வணக்கத்துக்குரிய குரங்கு’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல், அதுவரை பொருத்தம்தான். ஆனால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வாழும் இனத்துக்கு 1844இல் எட்வர்டு பிளைத் வைத்த சிற்றினப் பெயர் பிரியாம். டிராய் நகரத்து முதிய அரசனின் பெயர் அது. இராம காதையின் மண்ணில் வாழும் குரங்கு கிரேக்கக் காவியத்து மன்னனின் பெயரைச் சுமக்க, எந்தக் காவியத்திலும் இடம் பெறாத சிலந்தி அனுமன் கோயிலின் பெயரைச் சுமக்கிறது.

சிலந்தியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். இந்தப் பேரினத்தை இலங்கைத் தமிழர்கள் புலிமுகச் சிலந்தி என்கிறார்கள். கால்களை விரித்தால் ஒரு பெரியவரின் உள்ளங்கையை மறைத்துவிடும். மேலே சாம்பல் நிறத்தில் மரப்பட்டையோடு பட்டையாகக் கலந்துவிடும் கோலம். சீண்டினால் முன்னங்கால்களைத் தூக்கும், அப்போது அடிப்பக்கத்து மஞ்சளும் கறுப்பும் பளிச்சென்று தெரியும். தோட்டத்தில் நாம் பார்க்கும் வட்ட வலையை இது கட்டுவதில்லை. பொந்தின் உட்புறத்தை நூலால் மெழுகி, பகல் முழுக்க உள்ளே கிடந்து, இருட்டிய பிறகு வாயிலுக்கு வந்து கரப்பானையும் விட்டில்களையும் பிடிக்கும். பெண் சிலந்திகள் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடியவை. முதிர்ந்த ஆண் துணை தேடி மரம் மரமாக அலைந்து சில மாதங்களில் இறந்துபோகும். கடித்தால் கடும் வலியும், சில நாள்வரை நீளும் தசைப்பிடிப்பும் உண்டு. இந்தப் பேரினத்தின் கடியால் மனிதர் இறந்ததாக உறுதிசெய்யப்பட்ட பதிவு இல்லை.

இதற்கு வேண்டியது பழைய மரம். பட்டை வெடித்து, கிளை முறிந்த இடம் உளுத்து, உள்ளே குழி விழுந்த மரம். புளி, பனை, தென்னை நிற்கும் பழைய தோப்புகளில்தான் இது கண்டறியப்பட்டிருக்கிறது. 2008இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் இதை ‘மிக மோசமான அழிவாபத்தில் உள்ள இனம்’ என்று வகைப்படுத்தியது. அப்போது தெரிந்திருந்த அதன் வாழிடப் பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்குள்ளும் சிலந்தி உண்மையில் வாழ்ந்த தோப்புகள் சிதறிக் கிடந்த சிறு துண்டுகள்தான்.

இராமேசுவரத்தில் அணிலுக்கு இந்தக் கவலை இல்லை. சேது கட்ட மணல் சுமந்ததாகவும், இராமன் தடவிய விரல்கள் முதுகில் மூன்று கோடாக நின்றதாகவும் ஒரு கதை அதற்கு உண்டு. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அணிலைக் கல்லால் அடிக்கத் தயங்கும். ஒரு கதை ஓர் உயிருக்குச் செய்யக்கூடிய நன்மை அது. சிலந்திக்கு அப்படியொரு கதை சேதுக் கரையில் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு பெயர் மட்டும். அதுவும் தாமதமாக, இலத்தீனில்.

பெயர் ஓர் உயிரைக் காக்குமா? இந்த இடத்தில் அறிவியலும் பக்தியும் வெவ்வேறு திசையில் போகின்றன.

விலங்குப் பெயரிடலின் பன்னாட்டு விதிப்படி ஓர் இனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு தனி மாதிரியோடு. முதலில் விவரித்தவர் தேர்ந்தெடுத்துப் பாதுகாப்பில் வைத்த ஓர் உடல் அது. அந்த இனத்தின் கடைசி உயிர் மறைந்த பிறகும் பெயர் செல்லும். டோடோப் பறவைக்கு இன்றும் முறையான அறிவியல் பெயர் இருக்கிறது, பறவைதான் இல்லை. பக்தி மரபு இதை ஒப்பாது. அங்கே பெயரைச் சொன்னால் பெயருடையவன் வந்து நிற்பான். இராமன் பெயரை எழுதிப் போட்டதால்தான் சேதுவின் கற்கள் மிதந்தன என்று மக்கள் நம்புகிறார்கள். ஐந்தெழுத்தைச் சைவர் இறைவனின் அடையாளமாக வைத்திருக்கவில்லை, இறைவனாகவே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் தமிழ்நாட்டுத் தலங்களே இந்த விஷயத்தில் பக்தி மரபுக்கு ஒரு சங்கடத்தைக் காட்டுகின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர். தில்லை மரம் அதன் தலமரம். நகரைச் சூழ்ந்திருந்த தில்லைக்காடு இன்று அங்கே இல்லை. அந்த மரத்தைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே பிச்சாவரத்துச் சதுப்புக்குப் போக வேண்டும். மதுரை கடம்பவனம் எனப்பட்டது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பழைய கடம்பின் பட்ட மரத்தைப் போற்றி வைத்திருக்கிறார்கள், வனம் போய்விட்டது. இரண்டு ஊர்களிலும் வழிபாடு குறையவில்லை, பெயரைச் சொல்லாத நாளும் இல்லை. காடு மட்டும் போனது. பெயரை நாள்தோறும் உச்சரித்தும் பெயருக்கு உரிய உயிர் போகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இருந்தாலும் சிலந்தியைப் பொறுத்தவரை சைவ மரபு கையில் ஒன்றுமில்லாமல் நிற்கவில்லை. திருவானைக்காவின் கதை இருக்கிறது.

காவிரிக் கரையில் வெண்ணாவல் மரத்தடியில் ஒரு லிங்கம். மரத்திலிருந்து சருகு விழுகிறது. ஒரு சிலந்தி சருகு படாமல் லிங்கத்துக்கு மேலே நூலால் விதானம் கட்டுகிறது. துதிக்கையில் நீர் கொண்டுவந்து வழிபடும் வெள்ளை யானை ஒன்றின் கண்ணுக்கு அந்த விதானம் ஒட்டடை. இறைவன்மேல் அழுக்கு படிந்திருக்கிறதே என்று அதைச் சிதைத்துவிடுகிறது. சிலந்தி மறுபடி கட்டுகிறது, யானை மறுபடி சிதைக்கிறது. கடைசியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, யானை துதிக்கையைத் தரையில் அடிக்க, இரண்டும் மாள்கின்றன. சிலந்தி சோழர் குலத்தில் பிறக்கிறது. நல்ல நேரத்துக்காகப் பிறப்பைத் தாமதப்படுத்தத் தாய் கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டச் சொன்னாள். காத்திருந்ததில் குழந்தையின் கண்கள் சிவந்துவிட்டன. அவன் கோச்செங்கட் சோழன், அறுபத்து மூவரில் ஒருவன். சேக்கிழார் பெரியபுராணத்தில் அவன் கதையைச் சொல்கிறார். யானை ஏற முடியாத மாடக்கோயில்களை அவன் கட்டினான் என்பது மரபு. திருமங்கையாழ்வாரும் அவன் சிவனுக்கு எழுபது கோயில் எடுத்ததைப் பாடியிருக்கிறார்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் பக்தியின் வலிமைக்காகச் சொல்வார்கள். அதற்குள் இன்னொரு செய்தி இருக்கிறது, அதற்கு வேண்டிய கவனம் கிடைப்பதில்லை. யானை கெட்டதல்ல. அது செய்ததும் தொண்டு. கோயிலைத் தூய்மையாக வைத்திருக்க நினைத்தது, அவ்வளவுதான். ஓர் உயிரின் வழிபாடு இன்னோர் உயிரின் கண்ணுக்கு அழுக்காகப் பட்டது. பெரிய உடல் கொண்டது துடைத்தெறிந்தது. புராணம் அந்தப் பெரிய உடலின் பார்வையை மட்டும் இறுதித் தீர்ப்பாக ஏற்கவில்லை. சிலந்தியை அரசனாக்கியது, யானையையும் கைவிடவில்லை. அரசனான சிலந்தி என்ன செய்தது? பெரியது நுழைய முடியாத இடங்களைக் கட்டியது. மாடக்கோயிலைப் பழைய பகையின் நினைவு என்று சொல்வது வழக்கம். சின்ன உயிருக்கும் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்பதைக் கல்லில் கட்டியதாகவும் அதைப் படிக்கலாம். இந்தப் படிப்புக்கு உரையாசிரியர்களின் ஆதரவு கிடையாது. கதையின் போக்கு அதற்கு இடம் தருகிறது.

காளத்தியிலும் ஒரு சிலந்தி உண்டு. சீகாளத்தி என்ற பெயரின் சீ சிலந்தி, காளம் பாம்பு, அத்தி யானை என்பது தலபுராணம். ஆக, தலத்தின் பெயருக்குள் சிலந்தி இருப்பதும் சிலந்தியின் பெயருக்குள் தலம் இருப்பதும் தென்னாட்டுக்குப் புதிதல்ல. காளத்தியில் சிலந்தி தலத்துக்குப் பெயர் கொடுத்தது. இராமேசுவரத்தில் தலம் சிலந்திக்குக் கொடுத்திருக்கிறது.

தத்துவவாதிகளும் சிலந்தியை விடவில்லை. முண்டக உபநிடதம், பிரம்மத்திலிருந்து உலகம் தோன்றுவதற்கு, சிலந்தி நூலை வெளிவிட்டு மீண்டும் உள்ளிழுப்பதை உவமையாகத் தருகிறது. அத்வைதிகளுக்கு இது வாகான உவமை. குடம் செய்ய மண் வேறு, குயவன் வேறு. சிலந்திக்கு அப்படி இல்லை, பொருளும் அதுவே, செய்பவனும் அதுவே. சைவ சித்தாந்திகள் இதை ஏற்கவில்லை. அவர்கள் குயவனிடமே நின்றார்கள். மாயை மண், சத்தி தண்டசக்கரம், சிவன் குயவன். அவர்கள் வாதப்படி, நூல் வருவது சிலந்தியின் சடமான உடலிலிருந்து, அதன் அறிவிலிருந்து வரவில்லை. சடம் சடத்தைத் தந்தது என்றால் அறிவே உலகாக மாறியது என்று சொல்ல முடியாது.

உபநிடதம் கண்ட சிலந்தி வட்ட வலை கட்டும் இனமாக இருக்க வேண்டும். அவற்றில் பல, பழைய வலையைத் தின்றுவிட்டுப் புதிது கட்டுகின்றன. உள்ளிழுத்தல் வெறும் கற்பனையல்ல, யாரோ உட்கார்ந்து கவனித்த செய்தி. ஆனால் உயிரியல் இந்த வழக்கில் மூன்றாவது சாட்சியாக வந்து ஒன்றைச் சொல்கிறது. நூல் ஒரு புரதம். வயிற்றுச் சுரப்பிகளில் நீர்மமாகக் கிடந்து, இழுக்கும்போது இழையாக இறுகுகிறது. அந்தப் புரதம் சிலந்தி தின்ற பூச்சியிலிருந்து வந்தது. பூச்சி இலையிலிருந்தும் மக்கிய பட்டையிலிருந்தும் வந்தது. இலை, தோப்பின் மண்ணையும் மழையையும் கொண்டு வளர்ந்தது. தன்னிடமிருந்தே உலகை எடுப்பதாக உபநிடதம் காட்டிய உயிர், தன்னைச் சுற்றியுள்ள உலகிலிருந்துதான் தன்னையே எடுத்துக்கொள்கிறது. சித்தாந்தி மகிழலாம், மண் வெளியேதான் இருக்கிறது. அத்வைதியும் தோற்கவில்லை; சிலந்தி எங்கே முடிந்து தோப்பு எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியவில்லை.

இந்தப் பார்வையில் ஸ்மித் வைத்த பெயர் கூடுதல் பொருள் பெறுகிறது. கண்டுபிடித்தவர், நண்பர், மன்னர் என்று மனிதரின் பெயரை உயிரினங்களுக்குச் சூட்டும் வழக்கம் உண்டு. அது நன்றியாக இருக்கலாம், சிலந்தியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஹனுமவிலாசுமிகா சொல்கிறது. இந்த உயிர் இந்தத் தோப்பினது, தோப்பிலிருந்து பிரித்தால் இதன் பெயருக்கே பொருள் இல்லை என்கிறது.

பெயரிட்டபோது தெரியாத செய்தி ஒன்று பின்னர் வந்தது. 2015 வாக்கில் இலங்கை ஆய்வாளர்கள் இதே சிலந்தியை மன்னார்ப் பகுதியில் கண்டு பதிவுசெய்தார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர், நடுவில் மணல் திட்டுகளும் ஆழமற்ற கடலும். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இந்தியாவும் இலங்கையும் ஒரே தரை. மரம்விட்டு மரம் நகரும் ஓர் உயிர் அந்தத் தரை வழியே இரு பக்கமும் பரவியிருக்கலாம். மரம் ஏற்றிய தோணிகளில் ஏறியும் போயிருக்கலாம்.

இந்துக்கள் இந்தத் திட்டு வரிசையை இராமர் பாலம் என்கிறார்கள். முஸ்லிம்களின் நம்பிக்கையில் அது ஆதம் கடந்த வழி. ஆதமின் மக்கள் ஆபில், காபில் அடங்கியதாக நம்பப்படும் தர்கா இராமேசுவரத்திலேயே இருக்கிறது. குர்ஆனின் 29ஆம் அத்தியாயத்துக்குச் சிலந்தி என்றே பெயர். வீடுகளில் சிலந்தியின் வீடே நொய்மையானது என்று அது சொல்கிறது. அதே நொய்ந்த வலைதான் ஸவ்ர் குகை வாயிலை மூடி நபிகளைப் பகைவர் கண்ணிலிருந்து மறைத்தது என்றும் முஸ்லிம்கள் சொல்லி வருகிறார்கள். சேதுவின் கரையில் வாழும் இரு சமயத்தவருக்கும் சிலந்தியை ஒட்டடையாக மட்டும் பார்க்காத ஒரு நினைவு இருக்கிறது. புதிதாக யாரும் எதையும் கற்பிக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், இந்தச் சிலந்தி வெளிநாடுகளில் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிலந்தி வளர்ப்போர் இந்தப் பேரினத்தை விரும்பி வாங்குகிறார்கள், பெட்டிக்குள்ளேயே இனப்பெருக்கமும் செய்கிறார்கள். காட்டிலிருந்து பிடிப்பதைக் கட்டுப்படுத்த, அழிவாபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2019 ஜெனீவா மாநாட்டில் போசிலோதீரியா பேரினம் முழுவதும் இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டது. அனுமதியின்றி நாடுவிட்டு நாடு கொண்டுசென்று விற்க இப்போது முடியாது. சட்டம் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது.

ஆனால் பெட்டிக்குள் இருக்கும் சிலந்தி ஹனுமவிலாசுமிகாதானா? பெயரிடல் விதி தயங்காமல் ஆம் என்று சொல்லும். உடல் அதே உடல், மரபணுவும் அதே. இராமேசுவரத்தில் ஒரு தோப்பும் மிஞ்சாவிட்டாலும் ஒரு பெட்டி இருந்தால் இனம் அழியவில்லை என்று பதிவேடு சொல்லிக்கொள்ளலாம். அது அரை உண்மை. பெயர் குறிப்பது ஓர் உடலையும் ஓர் இடத்தையும் சேர்த்து. கடற்காற்றும், உளுத்த புளியும், அதில் வரும் விட்டிலும், மழைக்குப் பின் துணை தேடி அலையும் ஆணும் இல்லாத இடத்தில் அந்தப் பெயரைச் சொல்லும்போது பாதிதான் சொல்லப்படுகிறது. மதுரையில் பட்ட கடம்புக்கு நடந்ததும் இதுவே. மரம் போற்றிக் காக்கப்பட்டது, கடம்பவனம் காக்கப்படவில்லை.

எனவே புனிதம் எதுவரை செல்லும் என்று முதலில் எழுந்த கேள்விக்கு விடை சொல்ல முடியும் என்றே தோன்றுகிறது. கோயிலின் பெயர் புனிதமென்றால், அந்தப் பெயரின் ஒரு பொருள் இப்போது உலக ஏடுகளில் ‘அந்தத் தோப்பின் சிலந்தி’ என்று பதிவாகியிருக்கிறது. பொந்தும் தலத்துக்குள் வந்துவிட்டது. இதற்காகச் சிலந்திக்குக் கற்பூரம் காட்ட வேண்டாம், அனுமனின் அவதாரம் என்று கதை கட்டவும் வேண்டாம். திருவானைக்கா யானை செய்த பிழையைத் திரும்பச் செய்யாதிருந்தால் போதும்.

நடைமுறையில் அது மிகச் சிறிய காரியம். விடுதிக்கும் வீட்டுமனைக்கும் சாலைக்கும் இடம் கேட்கப்படும்போது முதலில் கோடரி விழுவது காய்ப்பு ஓய்ந்த கிழமரத்தின்மேல். பயனற்றது என்று கணக்கில் எழுதப்படும் மரம் அது. சிலந்திக்கு வேண்டிய மரமும் அதுவே. புதிதாக நடும் கன்று நிழல் தரும், பழம் தரும், ஆனால் பொந்து வைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்கும் ஆயுள் எந்தச் சிலந்திக்கும் இல்லை. தீவில் கோயில்களுக்கும் தர்காக்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் சொந்தமாக எஞ்சி நிற்கும் பழைய புளிகளையும் பனைகளையும் எண்ணி, அவற்றில் பொந்துள்ளவற்றைக் குறித்து, அவற்றை மட்டுமாவது வெட்டாமல், சிமெண்ட் பூசி அடைக்காமல், பூச்சிமருந்து தெளிக்காமல் விட வேண்டும். நந்தவனப் பராமரிப்புக்கென்று பதிவேடு வைத்திருக்கும் நிர்வாகங்களுக்கு அதில் இன்னொரு பத்தி சேர்ப்பது கடினமான வேலை அல்ல.